கர்ப்ப காலத்தில் மூட்டு வலி: யாரிடம் போகலாம், யாரைத் தவிர்க்கலாம்?

கர்ப்ப காலத்தில் வரும் இடுப்பு, மூட்டு வலிக்குக் கையால் செய்யப்படும் சிகிச்சைகளை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வாசகியரிடமிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, மகப்பேறு சார்ந்த இயன்முறை சிகிச்சையில் நீண்ட அனுபவம் உள்ள நம் பகுதியின் ஆலோசகர் இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

கேள்வி: எனக்கு இது இரண்டாவது கர்ப்பம். இப்போது 27 வாரம். ஐந்தாம் மாதத்திலிருந்தே அடிவயிற்றுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி இருக்கிறது. வலது பிட்டத்தின் மேற்பகுதியிலும் குத்துகிறது. படுக்கையில் புரள முடியவில்லை. உள்பாவாடை அணிய ஒரு காலைத் தூக்கினால் உயிர் போகிறது. பரிசோதனைக்குச் சென்ற இடத்தில் சொன்னபோது, ‘இதெல்லாம் இருக்கத்தான் செய்யும், பிரசவம் ஆனால் சரியாகிவிடும்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எலும்பு விலகியிருக்கும், பக்கத்து ஊரில் சுளுக்கு வழிக்கும் அம்மாவிடம் காட்டலாம் என்கிறார் மாமியார். பிசியோதெரபிஸ்டிடம் போகலாம் என்கிறார் கணவர். குழந்தை வயிற்றில் இருக்கும்போது இடுப்பில் கை வைத்து அழுத்தினால் குறைப்பிரசவம் ஆகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இந்த விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வதைக் கேளுங்கள். அதற்காக மாமியாரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பொறுத்துக்கொள் என்று விட்டுவிடாமல், இந்த வலிக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று நினைத்தவர் அவர். கர்ப்பத்தில் வலி வருவது இயல்பு என்பது உண்மைதான் என்றாலும், இயல்பாக வருகிற வலிக்குச் சிகிச்சையே கிடையாது என்று அதற்குப் பொருள் இல்லை. உடை மாற்றவும் புரண்டு படுக்கவும் முடியாத அளவுக்கு இருக்கும் ஒரு வலியை ‘அப்படித்தான் இருக்கும்’ என்ற ஒரு வரியில் முடித்துவிடுவது சரியன்று என்பதே என் கருத்து.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், ‘இடுப்பு வளைய வலி’ என்று மருத்துவத்தில் சொல்லப்படும் தொந்தரவாக இது இருக்கக்கூடும். கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. நம் இடுப்பெலும்பு ஒரு வளையம். முன்பக்கம் ஒரு இடத்திலும், பின்பக்கம் முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்போடு வலமும் இடமுமாக இரண்டு இடங்களிலும் அது இணைகிறது. முன்பக்க இணைப்பில் சாதாரண நாட்களிலேயே 4 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. கர்ப்ப காலத்தில் அது மேலும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் அகலும். ரிலாக்சின் முதலிய ஹார்மோன்கள் தசைநார்களை இளக்குவதால் ஏற்படும் இந்த நெகிழ்ச்சி, குழந்தை வெளியே வருவதற்காக உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு. இந்த நெகிழ்ச்சி எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இருக்கிறது, வலியோ சிலருக்கு மட்டுமே வருகிறது. எனவே ஹார்மோன் மேல் மட்டும் பழி போட முடியாது. முன்னே சரியும் வயிற்றின் எடை, இழுபட்டு வலுவிழந்த வயிற்றுத் தசைகள், முந்தைய பிரசவத்திலேயே தொடங்கிய இடுப்பு வலி, ஒரு பக்கமாகவே சுமை தாங்கும் பழக்கம் எனப் பலவும் சேர்ந்துதான் மூட்டுகளைச் சுற்றியுள்ள தசைகளை இறுக வைக்கின்றன. இரண்டாவது கர்ப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். மூத்த குழந்தையை இப்போதும் வலது இடுப்பில்தான் தூக்கி வைத்துக்கொள்கிறீர்களா என்று கவனியுங்கள். என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி அது.

எலும்பு விலகிவிட்டது என்ற பேச்சை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். முன்பக்க இணைப்பின் இடைவெளி 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதை விலகல் என்பார்கள். அது அரிது, பெரும்பாலும் பிரசவத்தின்போதோ அதை ஒட்டியோதான் நிகழும். இடைவெளி எவ்வளவு என்பதற்கும் வலி எவ்வளவு என்பதற்கும் நேரான தொடர்பு இல்லை. ஆகவே யாரோ ஒருவர் தட்டி உள்ளே தள்ள வேண்டிய எலும்பு என்று எதுவும் அங்கே இல்லை.

அடுத்தது உங்கள் பயம். பயிற்சி பெற்றவர் முதுகிலும் பிட்டத்திலும் தொடையிலும் மிதமாகக் கை வைத்துச் செய்யும் சிகிச்சை குறைப்பிரசவத்தைத் தூண்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் நீங்கள் மூட்டு வலி என்று நினைப்பது உண்மையிலேயே மூட்டு வலிதானா என்பதை உறுதி செய்த பிறகே எவருடைய கையும் உங்கள் உடலில் பட வேண்டும். வலி அலையலையாக, ஒழுங்கான இடைவெளியில் வந்து போனால், வயிறு இறுகி இளகினால், உதிரமோ நீரோ கசிந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால் அது பிரசவ அறைக்குப் போக வேண்டிய நேரம். காய்ச்சலும் சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும் சேர்ந்து முதுகின் ஒரு பக்கம் வலித்தால் சிறுநீரகத் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி ஆகியவை இரத்த அழுத்தம் கூடியதன் அடையாளமாக இருக்கலாம். இரண்டு கால்களும் மரத்துப்போய், சிறுநீரோ மலமோ கட்டுக்கடங்காமல் போனால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. இவற்றில் எதுவும் இல்லை என்று மகப்பேறு மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டு, நச்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, கருப்பை வாய்த் தையல் போன்றவை இருந்தால் அவற்றையும் குறித்து வாங்கிக்கொண்டு சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

அங்கே என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் பயம் குறையும். முதல் நாள் பெரும்பகுதி கேள்விகளிலும் பரிசோதனையிலும் போகும். உங்களைச் சற்று நேரம் மல்லாந்து படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்காமல் ஒரு காலை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கச் சொல்வார்கள். கால் கல்லாகக் கனக்கும், வலியும் எழும். பிறகு சிகிச்சையாளர் தம் இரு உள்ளங்கைகளாலும் உங்கள் இடுப்பெலும்பை இருபுறமும் அணைத்துப் பிடித்துக்கொண்டு அதே காலை மறுபடியும் தூக்கச் சொல்வார். இப்போது எளிதாக எழும்பினால், உங்களுக்குத் தேவைப்படுவது இடுப்புக்கு ஒரு பிடிப்பு, அதாவது தசைகளுக்கு வலுவும் தேவையானால் ஒரு பெல்ட்டும் என்று தெரிந்துகொள்வார். இந்த ஒரு சோதனையில் பல பெண்களின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். தம் வலியை முதன்முறையாக ஒருவர் நம்புகிறார் என்ற நிம்மதி அது.

சிகிச்சை பெரும்பாலும் ஒருக்களித்துப் படுத்த நிலையில் நடக்கும். 20 வாரங்களுக்குப் பிறகு நெடுநேரம் மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய சிரையை அழுத்தி, தலைசுற்றல் வரவும் குழந்தைக்குப் போகும் இரத்த ஓட்டம் குறையவும் வாய்ப்பு உண்டு என்பதால், முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணையும் வயிற்றுக்கு அடியில் ஒரு சிறு தலையணையும் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். பிட்டத்தின் ஆழத்தில் இறுகிக் கிடக்கும் தசைகளையும், முதுகின் அடிப்பகுதியையும், தொடையின் உட்புறத் தசைகளையும் விரல்களாலும் உள்ளங்கையாலும் மெல்லத் தளர்த்துவார்கள். பின்பக்க மூட்டை மிகச் சிறிய அளவில் முன்னும் பின்னும் அசைத்துக் கொடுப்பதுண்டு. முழங்கால்களுக்கு இடையே சிகிச்சையாளரின் முட்டியையோ சிறு பந்தையோ வைத்து, சில நொடிகள் அழுத்திப் பிடித்து விடச் சொல்வதும் உண்டு. இதில் விசை உங்களுடையது, அவருடையது அன்று. எந்தக் கட்டத்திலும் வலி கூடினால் நிறுத்தச் சொல்லலாம். சொல்லியும் நிறுத்தாதவரிடம் மறுமுறை போகாதீர்கள்.

இதனால் எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருந்த 400 பெண்களிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கமான பரிசோதனைகளை மட்டும் பெற்றவர்களைவிட, கையால் மூட்டுகளையும் தசைகளையும் இளக்கும் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு வலியும் முடக்கமும் கணிசமாகக் குறைவாக இருந்தன. ஆனால் பெயருக்கு மட்டும் ஒரு அல்ட்ராசவுண்ட் கருவியை உடலில் வைத்து எடுத்த மூன்றாவது குழுவினருக்கும் ஏறத்தாழ அதே நிவாரணம் கிடைத்தது. ஒருவர் நேரம் ஒதுக்கி, அக்கறையோடு தொட்டுப் பார்ப்பதே வலியைக் குறைக்கிறது என்று இதைப் படிக்கலாம். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் 386 கர்ப்பிணிகளிடம் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், அக்குபங்சரும், இடுப்பை நிலைப்படுத்தும் பயிற்சிகளும், வழக்கமான சிகிச்சையை மட்டும் பெறுவதைவிட நல்ல பலன் தந்தன. என் அனுபவமும் இதையே சொல்கிறது. கையால் கிடைக்கும் நிவாரணம் சில மணி நேரமோ சில நாட்களோ நிற்கும்; வலி தணிந்திருக்கும் அந்த நேரத்தில் பயிற்சிகளைச் செய்து தசைகளை வலுப்படுத்திக்கொண்டால்தான் அது நீடிக்கும். பயிற்சி எதுவும் கற்றுத் தராமல், வாரம் மூன்று முறை வந்து படுத்துக்கொண்டால் போதும் என்று சொல்பவர் உங்கள் பணத்தைத்தான் இளக்குகிறார்.

வீட்டில் இன்றிலிருந்தே சிலவற்றை மாற்றலாம். புரண்டு படுக்கும்போது இரு முழங்கால்களையும் மடக்கி, ஒட்ட வைத்து, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி புரளுங்கள். உள்பாவாடையோ சுடிதாரோ, கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அணியுங்கள். மாடிப்படியில் ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் சேர்த்து வைத்து ஏறுங்கள். தரையில் சம்மணமிட்டு உட்காருவது, குந்தி உட்கார்ந்து தரை துடைப்பது, இருசக்கர வாகனத்தின் பின்னால் ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து போவது ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். குந்தி உட்கார்ந்தால் சுகப்பிரசவம் ஆகும் என்று யாரேனும் சொன்னால், வலி இல்லாதவர்கள் அதைச் செய்யட்டும் என்று விட்டுவிடுங்கள். வலிக்காகக் கால்சியம் மாத்திரையை நீங்களாகக் கூட்டிப் போட வேண்டாம். 14-ஆம் வாரத்திலிருந்து வழக்கமாகக் கொடுக்கப்படும் அளவே போதும், இந்த வலி கால்சியக் குறைவால் வருவதில்லை.

சுளுக்கு வழிக்கும் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. கணுக்கால் பிசகியவருக்கு அவர் எண்ணெய் போட்டு நீவிவிடுவது இதமாக இருக்கலாம். ஆனால் கர்ப்பிணியின் இளகிய இடுப்பில் கட்டைவிரலால் முழு பலத்தையும் கொடுத்து வழிப்பதும், காலை மடக்கி வெடுக்கென்று இழுப்பதும், குழந்தை கிடக்கும் இடத்தைச் சரி செய்கிறேன் என்று வயிற்றைத் தடவித் தள்ளுவதும் வேறு விஷயம். வயிற்றை அழுத்தித் திருப்பும் எதுவும் நச்சுக்கொடிக்கு ஆபத்து விளைவிக்கலாம் என்பதால் அங்கே போகவே வேண்டாம்.

பிசியோதெரபிஸ்ட் என்று பலகை வைத்திருப்பவர் பி.பி.டி. பட்டம் பெற்றவரா, கர்ப்பிணிகளுக்குச் சிகிச்சை அளித்துப் பழகியவரா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். எம்.பி.டி. படிப்பில் மகளிர் நலத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது. தனியாரிடம் செலவு அதிகமாக இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு உண்டு. உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் பரிந்துரைச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு போனால் அலைச்சல் குறையும். பெண் சிகிச்சையாளர் வேண்டும் என்று கேட்கவும், மாமியாரையோ கணவரையோ உடன் வைத்துக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு. மாமியாரையே அழைத்துச் செல்லுங்கள் என்பேன். வீட்டுக்கு வந்த பிறகு உங்களைக் குனிய விடாமல் பார்த்துக்கொள்பவர் அவராகத்தான் இருப்பார்.

கேள்வி: முதுகு வலிக்காக வீட்டுக்கு அருகில் உள்ள சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். ஐந்து மாதம் என்று சொன்ன பிறகும் கரண்ட் வைக்கிறேன் என்று ஏதோ ஒரு இயந்திரத்தைப் பொருத்த வந்தார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். நான் செய்தது சரியா? முதுகில் ‘டக்’ என்று சத்தம் வரும்படி நெட்டி எடுப்பதைக் காட்டும் காணொளிகளை என் தோழி அனுப்புகிறாள். அதைச் செய்துகொள்ளலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: மிகவும் சரி. ஷார்ட் வேவ் டயாதெர்மி என்னும் ஆழ்வெப்பக் கருவியைக் கர்ப்பிணிகளுக்குப் பயன்படுத்தவே கூடாது. வலிக்கு வைக்கும் அல்ட்ராசவுண்டை வயிறு, இடுப்பு, கீழ் முதுகு ஆகிய இடங்களில் வைக்கக் கூடாது. ஸ்கேனுக்கும் அல்ட்ராசவுண்ட்தானே என்று சிலர் கேட்பார்கள். ஸ்கேன் கருவி படம் எடுப்பதற்காகக் குறைந்த ஆற்றலில் இயங்குகிறது. சிகிச்சைக் கருவி திசுக்களைச் சூடாக்கும் அளவுக்கு ஆற்றலை உள்ளே செலுத்துகிறது. ஐ.எஃப்.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மின்சிகிச்சையையும் முதுகிலும் இடுப்பிலும் தவிர்ப்பதே வழக்கம். தோலின் மேல் ஒட்டி மெல்லிய மின்சாரம் செலுத்தும் டென்ஸ் என்ற சிறு கருவி மட்டும், முதல் மூன்று மாதங்களுக்குப் பின், வயிற்றைத் தவிர்த்து, மகப்பேறு மருத்துவரின் ஒப்புதலோடு சிலருக்குப் பயன்படுத்தப்படுகிறது. கர்ப்பம் என்று தெரிந்த பிறகும் கருவியை எடுத்து வந்த நிலையத்தில், கைச் சிகிச்சைக்கும் நான் உங்களைப் போகச் சொல்ல மாட்டேன். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி முதுகில் கால் மணி நேரம் வைத்துக்கொள்வதில் தவறில்லை. தொட்டால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது.

நெட்டி எடுப்பதைப் பொறுத்தவரை, அந்தச் சத்தம் மூட்டுக்குள் உள்ள திரவத்தில் வாயுக் குமிழ் உருவாவதால் வருவது. எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் என்று காணொளியில் சொல்வதை நம்ப வேண்டாம். வெளிநாடுகளில் முறையாகப் படித்த கைரோபிராக்டர்கள், அதாவது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அசைத்துச் சிகிச்சை செய்பவர்கள், கர்ப்பிணிகளுக்கு ஏற்றபடி, விசையைக் குறைத்துச் சிகிச்சை தருகிறார்கள். காணொளியில் பார்ப்பதுபோல் கழுத்தைச் சட்டென்று திருப்புவதும் இடுப்பை முறுக்கி விடுவதும் அது அன்று. தசைநார்கள் ஏற்கெனவே நெகிழ்ந்திருக்கும் காலத்தில் மூட்டுக்கு மேலும் ஒரு வெட்டிழுப்புத் தேவையே இல்லை. தளர்வு கூடினால் வலியும் கூடும். கழுத்தைத் திருப்பி நெட்டி எடுப்பதைக் கர்ப்பத்தில் மட்டுமல்ல, எந்தக் காலத்திலும் நான் பரிந்துரைப்பதில்லை. அரிதாக என்றாலும், கழுத்து இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

கேள்வி: எங்கள் பகுதியில் வர்ம வைத்தியர்கள் பலர் இருக்கிறார்கள். என் அம்மாவின் முழங்கால் வலி அவர்களிடம்தான் குணமானது. நான் ஆறு மாதக் கர்ப்பிணி. இடுப்பு வலிக்குத் தொக்கணம் செய்துகொள்ளலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: சித்த மருத்துவத்தில் தொக்கணம், அதாவது கையால் பிடித்துவிடும் சிகிச்சை, ஒன்பது வகையாகச் சொல்லப்படுகிறது. தட்டல், பிடித்தல், அழுத்தல் ஆகியவற்றோடு இறுக்கலும் முறுக்கலும் இழுத்தலும் அந்த ஒன்பதில் அடங்கும். மிதமாகத் தடவிப் பிடித்துவிடுவதும், முறுக்கி இழுப்பதும் ஒரே பெயரில் வருவதால், ‘தொக்கணம் செய்யலாமா’ என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. பி.எஸ்.எம்.எஸ். பட்டம் பெற்றுப் பதிவு செய்த சித்த மருத்துவரிடம் கர்ப்பத்தின் மாதத்தையும் ஸ்கேன் அறிக்கையையும் காட்டிக் கேளுங்கள். படித்த சித்த மருத்துவர் முறுக்கும் வகைகளையும் வயிறு, இடுப்பு சார்ந்த வர்மப் புள்ளிகளையும் தொட மாட்டார். கணுக்காலின் உட்புறத்திலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலும் உள்ள சில புள்ளிகளை அழுத்தினால் பிரசவ வலி தொடங்கும் என்று அக்குபிரஷர் முறையில் ஒரு நம்பிக்கை உண்டு. அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது என்றாலும், 37 வாரம் முடியும்வரை அவற்றைத் தொடாமல் விடுவதே சிகிச்சையாளர்களின் வழக்கம். உங்கள் அம்மாவுக்குப் பலித்த அதே கை உங்களுக்கும் பலிக்கும் என்று எண்ண வேண்டாம். அவருடையது தேய்ந்த முழங்கால், உங்களுடையது நெகிழ்ந்த இடுப்பு.

எண்ணெய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வெறும் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ போதும். கர்ப்பூரமும் விண்டர்கிரீனும் காரமாகச் சேர்ந்த தைலங்களைத் தவிருங்கள். டைக்ளோஃபெனாக் ஜெல், ஸ்பிரே ஆகியவற்றையும் மருத்துவரைக் கேட்காமல் பூச வேண்டாம். இந்த வகை வலி நிவாரணிகளை 20 வாரத்துக்குப் பிறகு தவிர்க்கும்படி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020-இல் எச்சரித்தது.

கேள்வி: திருப்பூரில் தையல் வேலை செய்கிறேன். எட்டாவது மாதம். இரவில் இரு கைகளும் மரத்துப்போய், எரிச்சலோடு விழிப்பு வந்துவிடுகிறது. காலையில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கூட வேலை செய்யும் அக்கா விரல்களைச் சொடுக்கி இழுத்துவிட்டார். அடுத்த நாள் இன்னும் அதிகமாயிற்று.
– வாசகி, திருப்பூர்

பதில்: சுண்டு விரலிலும் மரப்பு இருக்கிறதா என்று இன்றிரவு கவனித்துப் பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றோடு மோதிர விரலில் பாதிவரை மட்டும் மரத்து, சுண்டு விரல் தப்பித்திருந்தால், இது மணிக்கட்டின் குறுகலான பாதை வழியே வரும் ஒரு நரம்பு அழுத்தப்படுவதால் வருவது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் உடலில் தேங்கும் நீர் அந்தப் பாதையையும் வீங்க வைக்கிறது; நாள் முழுவதும் மணிக்கட்டை வளைத்துத் துணியைத் தள்ளும் தையல் வேலை அதை இன்னும் கூட்டுகிறது. தூக்கத்தில் நம்மை அறியாமல் கையை மடக்கிக்கொள்வதால்தான் இரவில் எழுப்பிவிடுகிறது.

விரல்களை இழுப்பதும் சொடுக்குவதும் வீங்கிய நரம்பை மேலும் உரசும். நீங்கள் செய்ய வேண்டியது, மணிக்கட்டை நேராக நிறுத்தும் ஸ்பிளிண்ட் ஒன்றை மருந்துக்கடையில் அளவு பார்த்து வாங்கி, இரவில் மட்டும் அணிந்து தூங்குவது. இறுக்கிக் கட்ட வேண்டாம்; பட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். நரம்பும் தசைநாண்களும் உராயாமல் வழுக்கி ஓடுவதற்கான மெல்லிய அசைவுகளை ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒரே நாளில் கற்றுத் தந்துவிடுவார். முன்கைத் தசைகளை முழங்கையிலிருந்து கீழ்நோக்கி மிதமாகப் பிடித்துவிடுவதும் இதமளிக்கும். அரை மணிக்கு ஒருமுறை கையைத் துணியிலிருந்து எடுத்து, உயர்த்தி, விரல்களை விரித்து மடக்குங்கள். மேற்பார்வையாளர் முகம் சுளித்தால் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள்.

பெரும்பாலானோருக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் நீர் வடிந்ததும் இது குறைந்துவிடும். கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்தாலோ, பிடித்த பொருள் கையிலிருந்து நழுவினாலோ காத்திருக்க வேண்டாம். கையோடு முகமும் திடீரென்று வீங்கி, தலைவலியும் வந்தால், கையை மறந்துவிட்டு உடனே இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு 32 வாரம். தினமும் இரவில் கால் பிடித்துவிடுகிறேன். இரண்டு நாட்களாக இடது கால் மட்டும் வீங்கியிருக்கிறது. ஆடுசதையைத் தொட்டால் வலிக்கிறது என்கிறாள். இன்னும் நன்றாக அழுத்திவிட வேண்டுமா?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: இக்கடிதத்தைப் படித்த உடனே உங்களைத் தொலைபேசியில் அழைத்து மருத்துவமனைக்குப் போகச் சொல்லிவிட்டோம், மற்ற வாசகர்களுக்காக இங்கே எழுதுகிறேன். கர்ப்ப காலத்தில் இரத்தம் உறையும் தன்மை கூடுவதால், காலின் ஆழ்சிரைகளில் இரத்தக்கட்டி உண்டாகும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட நான்கைந்து மடங்கு அதிகம். அதுவும் இடது காலில்தான் மிகுதி. ஒரு கால் மட்டும் வீங்குவது, ஆடுசதை வலி, சூடு, சிவப்பு ஆகியவை தென்பட்டால் அந்தக் காலை அழுத்தவோ நீவவோ கூடாது. கட்டி பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அன்றே டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் 108-ஐ அழையுங்கள்.

இரு கால்களும் மாலையில் சமமாக வீங்கி, காலையில் வடிந்துவிடுகிறது என்றால் நீங்கள் தாராளமாகப் பிடித்துவிடலாம். பாதத்திலிருந்து மேல்நோக்கி, உள்ளங்கை முழுவதும் படும்படி, வலிக்காத அளவுக்குத் தடவிக் கொடுங்கள். முதுகுக்கு, அவரை நாற்காலியில் திரும்பி உட்கார வைத்து, சாய்மானத்தின் மேல் ஒரு தலையணையை வைத்து, அதன் மீது கைகளையும் தலையையும் சாய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதுகெலும்பின் மீது அழுத்தாமல், அதன் இருபுறமும் ஓடும் தசைகளில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் மெதுவாக வட்டமிடுங்கள். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும். கணவர்கள் பலர் அதிகம் அழுத்தினால் அதிகப் பலன் என்று நினைத்துவிடுகிறார்கள்.

கேள்வி: 36 வாரம் ஆகிறது. இடுப்பு வளைய வலிக்குப் பிசியோதெரபி எடுத்து, பெல்ட் போட்ட பிறகு நடமாட முடிகிறது. இந்த வலியோடு சுகப்பிரசவம் ஆகாது, ஆபரேஷன்தான் என்கிறார்கள் உறவினர்கள். பெல்ட்டை எவ்வளவு நேரம் அணியலாம்?
– வாசகி, சென்னை

பதில்: பெல்ட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது வயிற்றைத் தாங்கும் பட்டை அன்று; இடுப்பெலும்பின் முன்முனைகளுக்குச் சற்றுக் கீழே, தொடையெலும்பு தட்டுப்படும் மேட்டுக்கு மேலே, வயிற்றின் அடியில் அமர வேண்டும். நடக்கும்போதும் நின்று வேலை செய்யும்போதும் போட்டுக்கொண்டு, உட்காரும்போதும் படுக்கும்போதும் கழற்றிவிடுங்கள். நாள் முழுவதும் கட்டியே வைத்திருந்தால் தசைகள் வேலை செய்ய மறந்துவிடும்.

இடுப்பு வளைய வலி என்ற ஒரே காரணத்துக்காக அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. இந்த வலி உள்ள பெரும்பாலோர் இயல்பாகவே பிரசவிக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு இடுப்பு வலியோடு தையல் வலியும் சேர்ந்து, எழுந்து நடப்பது தாமதமாவதையும் உறவினர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். கவனிக்க வேண்டியது கால்களை எவ்வளவு அகட்டலாம் என்பதுதான். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, வலி தொடங்கும்வரை முழங்கால்களை மெல்ல விலக்கி, இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை டேப்பால் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். பிரசவ அறையில் அந்த அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதுகில் ஊசி போட்டு வலியை மரக்கச் செய்தால் இடுப்பில் ஏற்படும் இழுப்பு உங்களுக்குத் தெரியாது. அப்போதுதான் இந்த அளவு மிகவும் முக்கியமாகிறது. கால்களை மாட்டும் கம்பிகளில் நெடுநேரம் வைத்திருப்பதைத் தவிர்த்து, இடது பக்கம் ஒருக்களித்தோ, முழங்காலிட்டு முன்னால் சாய்ந்தோ முக்க முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் இப்போதே பேசுங்கள். கால்களைத் தூக்கவோ இறக்கவோ நேர்ந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் பெண் துணை ஒருவரை அனுமதிக்க மத்திய அரசு 2016-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. உங்களோடு உள்ளே வரப்போகிறவர் யாரோ அவரிடம், காலைப் பிடித்து அகட்டி இழுக்கக் கூடாது, தாங்கிப் பிடித்தால் போதும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முக்கும் நேரத்தில் உதவும் எண்ணத்தோடு இழுத்துவிடுபவர்கள் உண்டு. டேப்பில் வந்த அளவை, ‘இடுப்பு வளைய வலி உள்ளது’ என்ற குறிப்போடு உங்கள் தாய் சேய் நல அட்டையின் முதல் பக்கத்தில் மருத்துவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். இரவு நேரத்தில் வலி வந்து போய்ச் சேரும்போது, உங்களுக்குப் பழக்கமான மருத்துவர் அங்கே இருக்க மாட்டார்.